பாஸ் ஆன நடை

என்னைப் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு இப்போது பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். பரவாயில்லை என்றால் சாமிக்கு ஒரு கும்பிடு, ஒரு டீ, கிளம்பிவிடுவார்கள். என்னதான் ஆச்சு என்று உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரமில்லை. கேட்காதவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நானும் கொஞ்ச காலம் சும்மா இருந்தேன். ஆனால் எங்கள் காலடிப்பேட்டைப் பக்கம் என் வயதில் காலை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது நான் செய்த மடத்தனத்தைச் செய்யாமல் இருக்கட்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஆறுதல் தேடி வந்தவர்கள் வேறு எதையாவது படிக்கலாம்.

நான் சாரம் கட்டுகிறவன். வெள்ளையடிக்கிற வீட்டுச் சாரம் இல்லை. மணலி பிளான்ட்டுகளில் கொதிகலனைச் சுற்றியும், எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கியைச் சுற்றியும் இரும்புக் குழாயில் கட்டுகிற சாரம். முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் பிழைப்பு; கடைசிப் பத்து வருஷம் மேஸ்திரி. அந்த வேலைக்கு ஹைட் பாஸ் என்று ஓர் அட்டை வேண்டும். உயரத்தில் ஏற இவனுக்குத் தலை சுற்றாது, கால் தடுமாறாது என்று கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தருவது. அதற்கு ஒரு சோதனை உண்டு. கண்ணை மூடிக் காலைச் சேர்த்து நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். தரைக்குக் கொஞ்சம் மேலே போட்ட ஒல்லியான இரும்பு உத்தரத்தின் மேல் கை பிடிக்காமல் நடந்து காட்ட வேண்டும். தவறினால் கீழே குழாய் தூக்கிக் கொடுக்கிற வேலைதான். கூலியும் குறைவு, மரியாதையும் குறைவு.

அதனால் எங்கள் ஆட்கள் யாரும் அந்தச் சோதனைக்குச் சும்மா போனதில்லை. முட்டி வலி என்றால் காலையிலேயே ஊசி போட்டுக்கொண்டு போவார்கள். காய்ச்சல் என்றால் மாத்திரை. முதல் நாள் சரக்கைத் தொடமாட்டார்கள். நான் என் ஆட்களுக்கு ஒரு பாடமே வைத்திருந்தேன். காலைப் பார்க்காதே, எதிர்ச் சுவரில் ஒரு ஆணியோ கறையோ பிடித்துக்கொள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொள். மனசுக்குள் தாளம் போட்டுக்கொண்டே போ. என் கூட்டத்தில் ஒருவனும் ஃபெயில் ஆனதில்லை என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைதான் பின்னால் என் காலை வாரியது.

வேலையை விட்டு சில வருஷம் கழித்து ஆரம்பித்தது. நடக்கத் தொடங்கும்போது பாதம் தரையை விட்டு வராது. மேலே உடம்பு கிளம்பிவிடும், கீழே கால் கிளம்பாது. ஒருவழியாகக் கிளம்பிவிட்டால் தேய்த்துத் தேய்த்துப் போய்விடுவேன். திரும்ப வேண்டும் என்றால் மறுபடி சிக்கல். லாரியை சந்தில் திருப்புகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வேண்டும். தெருவில் குடித்துவிட்டு வருகிறேன் என்றார்கள். நான் குடியை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. குடித்த காலத்தில் நேராக நடந்தபோது ஒருவனும் பாராட்டவில்லை.

முதலில் முட்டி டாக்டர். எலும்பு தேய்ந்திருக்கிறது, வயசாகிவிட்டது என்றார். என் வயசு எனக்குத் தெரியும், அதைச் சொல்வதற்கு ஒரு ஃபீஸ். அடுத்தவர் பார்க்கின்சன் என்றார். மூளையில் உடம்பை அசைக்க உதவுகிற ஒரு ரசாயனம் குறைந்து, கை நடுங்கி, நடை சுருங்கிப் போகிற வியாதி அது. எனக்குக் கை நடுங்கவே இல்லை. இருந்தாலும் மாத்திரையை விழுங்கினேன். வயிற்றைக் குமட்டியதுதான் மிச்சம். அதற்குள் இன்னொன்று சேர்ந்துகொண்டது. சிறுநீர் வருகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவே இடைவெளி இல்லாமல் போனது. ஓட வேண்டும், கால் ஓடாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் துணியைத் துவைக்கிறவள் என் மனைவி சரோஜா, அவளிடம் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவள்தான் மகள் ஜெயந்தியிடம் சொல்லியிருக்கிறாள். ஜெயந்தி தங்கசாலைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிறாள். லீவு கிடைப்பது கஷ்டம், கிடைத்த லீவையெல்லாம் எனக்கே செலவழித்தாள். என்னை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்க வைத்து, காதில் பஞ்சை அடைத்து, பிளான்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் நாள் மாதிரி தடதடவென்று சத்தம். எனக்கு அது பழகிய சத்தம், தூங்கிவிட்டேன்.

வியாதி இதுதான். எல்லார் தலைக்குள்ளும் மூளையைச் சுற்றியும் அதன் உள்ளறைகளிலும் தண்ணீர் மாதிரி ஒரு நீர் இருக்கிறது. தினமும் ஊறுகிறது, தினமும் வடிகிறது. எனக்கு ஊறுவது ஊறி, வடிவது மந்தமாகிவிட்டது. உள்ளறைகள் வீங்கி, காலுக்கும் மூத்திரப்பைக்கும் போகிற நரம்புகளை அழுத்துகின்றன. வயசானவர்களின் நடை கெட்டுப் போகிற வியாதிகளில் ஓரளவு திருப்பக் கூடிய சிலதில் இதுவும் ஒன்றாம். தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கு அடியிலேயே ஒரு மெல்லிய குழாய் வைத்து நீரை வடித்துவிட்டால் நடை திரும்பலாம். ஆனால் தலையில் துளை போடுகிற காரியம் என்பதால் எல்லாருக்கும் உடனே செய்துவிட மாட்டார்கள். முதலில் ஒரு சோதனை. நடக்க வைத்துப் பார்ப்பார்கள். பிறகு முதுகுத் தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுப்பார்கள். மறுபடி நடக்க வைப்பார்கள். முன்னைவிட நடை நன்றாக இருந்தால் குழாய் பலன் தரும் என்று அர்த்தம்.

இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. டாக்டர் இதையெல்லாம் வராந்தாவில் நின்றபடி பாதி இங்கிலீஷில் ஜெயந்தியிடம் சொன்னார். நான் கழிவறை வரிசையில் நின்றிருந்தேன். ஜெயந்திக்கு மூளை, துளை, குழாய் என்ற மூன்றைத் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை, பாவம். அவள் என்னிடம் வந்து சொன்னது, "நைனா, நாளைக்கு ஒரு டெஸ்ட்டு கீது. நீ நடந்து காட்டணுமாம். அத வச்சிதான் ஆபரேஷனா இல்லியான்னு சொல்வாங்களாம்" என்பது மட்டும்.

டெஸ்ட், நடந்து காட்டுவது. இந்த இரண்டு வார்த்தையும் ஒன்றாகக் காதில் விழுந்ததும் எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. நன்றாக நடந்தால் தலையில் துளை கிடையாது, வீட்டுக்குப் போகலாம். இதைப் புரிந்துகொள்ளத் தனியாகப் படிக்க வேண்டுமா என்ன?

செய்தி கேட்டு சாயங்காலம் தேவராஜ் வார்டுக்கு வந்தான். என் கூட்டத்தில் கடைசிவரை இருந்தவன், இப்போது எர்ணாவூரில் இருக்கிறான். டெஸ்ட் என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "மாமு, ஒனக்கே டெஸ்ட்டா? எங்களையெல்லாம் பாஸ் பண்ண வச்சவன் நீ. வா, ஒரு தபா நடந்து பாத்துரலாம்" என்று வராந்தாவுக்கு இழுத்துப் போனான். நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். வராந்தாத் தரையில் கல்லும் கல்லும் சேருகிற கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கோட்டையும் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கினால் கால் வந்தது. கோடு இல்லாத இடத்தில் வராத கால், கோடு இருந்தால் வருகிறது. இதைக் கண்டுபிடித்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள்கூட வந்து நின்று பார்த்தார்கள்.

சரோஜா தன் பங்குக்கு விடியற்காலையிலிருந்து எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, நடுவில் அவசரம் வந்துவிடக்கூடாது என்று. வேட்டி தடுக்கும் என்று ஜெயந்தியின் புருஷனுடைய பேன்ட்டை வாங்கி வந்து பெல்ட் போட்டுவிட்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அவ்வளவு அக்கறையாகப் பார்த்த ஞாபகம் இல்லை.

பிசியோதெரபி செய்கிற பையன் ஒருவன் செல்போனில் நேரம் பார்த்தான். தரையில் ஒட்டியிருந்த டேப் வரை போய்த் திரும்பி வர வேண்டும். எதிர்ச் சுவரில் ஸ்விட்ச் போர்டு ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். நாக்கை ஒட்டினேன். தாளம் போட்டேன். போனேன், திரும்பினேன், வந்தேன். முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. "நல்லாவே நடக்கறீங்களே ஐயா" என்றான். கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த தேவராஜ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

பிறகு ஊசி. பக்கவாட்டில் இறால் மாதிரிச் சுருண்டு படுக்கச் சொன்னார்கள். வலி என்று சொல்ல முடியாது, முதுகுக்குள் யாரோ விரலை விட்டுத் தேடுகிற மாதிரி ஒரு அருவருப்பு. கண்ணாடிக் குழாய்களில் பிடித்த நீர் குடிதண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. அப்புறம் தலைவலி பிடித்துக்கொண்டது. சில மணி நேரம் கழித்து மறுபடி நடக்கச் சொன்னார்கள். கால் லேசாகத்தான் இருந்தது, அது எனக்கே தெரிந்தது. ஆனால் தலைவலியில் நிதானமாக நடந்தேன். பாஸ் ஆகிவிட்டோமே, இனி என்ன என்ற தெனாவட்டும் இருந்தது.

மறுநாள் பெரிய டாக்டர் இரண்டு நடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆபரேஷனால் பலன் இருக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஜெயந்தி ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதாள், சந்தோஷத்தில். தேவராஜ் பிரியாணி வாங்கி வந்தான். நானும் சாப்பிட்டேன். என் வைத்தியத்தை நானே குழிதோண்டிப் புதைத்துவிட்டு, அதற்குக் கருமாதிச் சோறும் நானே சாப்பிட்டேன்.

அடுத்த ஒரு வருஷத்தைப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை. கோடு போட்டாலும் கால் வராமல் போனது. டயப்பர் கட்டினார்கள். கேஸை அணைத்தேனா என்பது மறந்தது, சில நாள் தேவராஜின் பெயரே மறந்தது. சரோஜா என்னைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்து போனாள். ஆஸ்பத்திரி பில்லுக்காக ஜெயந்தி கட்டிக்கொண்டிருந்த சீட்டைத் தள்ளி முன்னாலேயே எடுத்திருந்தாள். அது அவள் மகளின் காலேஜுக்கு வைத்திருந்தது. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. மறதிக்காரன் முன்னால் மனிதர்கள் எல்லாவற்றையும் பேசுவார்கள்.

ஒருநாள் மருந்துக்கடைப் படியில் கால் ஒட்டிக்கொண்டு, உடம்பு மட்டும் முன்னே போய் விழுந்தேன். மணிக்கட்டு உடைந்தது. மறுபடி அதே ஆஸ்பத்திரி, இந்தத் தடவை எலும்பு வார்டு.

அங்கே நான் கழிவறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நிலைப்படிக்கு மேலே காலைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பேன்ட் நனைந்துகொண்டிருந்தது. ஒரு கையில் கட்டு, இன்னொரு கையால் நிலையைப் பிடித்திருந்தேன். அந்த வார்டின் பிசியோதெரபி டாக்டரம்மா கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். உதவிக்கு வரவில்லை. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வேடிக்கை பார்க்கத்தான் சம்பளம் வாங்குகிறாயா என்று திட்டினேன். பிறகுதான் வந்து பிடித்தார். படுக்கையில் உட்கார வைத்துவிட்டு என் பழைய காகிதங்களை வாங்கிப் படித்தார்.

"இதுல எழுதியிருக்கற நடை உங்களுது இல்லையே. அன்னிக்கு எப்படி நடந்தீங்க?"

கேட்டதும் எனக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. ஹைட் பாஸிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்விட்ச் போர்டு, நாக்கு, தாளம், தேவராஜ், பேன்ட், பெல்ட். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பக்கத்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா நடந்து காட்டணும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"டெஸ்ட்டுன்னா பின்ன இன்னாம்மா? ஃபெயில் ஆவறதுக்கா போவாங்க?"

"ஐயா, நீங்க வீட்ல எப்படி நடக்கறீங்களோ அப்படி நடந்திருக்கணும். மொதல் நடை மோசமா இருந்தாத்தான், நீர் எடுத்தப்புறம் நல்லாயிருக்கறது எங்களுக்குத் தெரியும்."

சரோஜா பிளாஸ்க்கை மூடாமலே கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அந்த நிமிஷம்தான் புரிந்திருக்கிறது. ஒரு வருஷம். அந்த டயப்பர், அவள் இடுப்பு, பேத்தியின் காலேஜ். இதை யார் மேல் போடுவது? டாக்டர் பொய் சொல்லவில்லை. நேரம் பார்த்த பையன் தப்பாகப் பார்க்கவில்லை. தேவராஜ் என் மேல் உயிரையே வைத்திருக்கிறவன். எல்லாரும் நல்லதைத்தான் செய்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவன் ஒருத்தன் கிடைத்திருந்தால் அவனைத் திட்டியாவது தீர்த்திருப்பேன். ஒரே ஒரு வார்த்தை, தமிழில், என் முகத்தைப் பார்த்து யாராவது சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் உயரத்தில் நின்று நூறு பேரை விழாமல் காப்பாற்றியவனுக்கு அந்த ஒரு வார்த்தை புரிந்திருக்காதா?

டாக்டரம்மா சண்டை போட்டு இரண்டாவது சோதனைக்கு ஏற்பாடு செய்தார். தேவராஜை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இந்தத் தடவை வேட்டிதான். என் நடையை உள்ளபடி காட்டுவது என்று தீர்மானித்துவிட்டேன். ஆனால் போய் நின்றால் அங்கே படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டமாக நோட்டை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நடங்க என்றார்கள். அவ்வளவுதான், என் தீர்மானம் எங்கே போனதோ தெரியவில்லை. கண் தானாக எதிர்ச் சுவருக்குப் போனது. நாக்கு தானாக மேலே ஒட்டியது. வெட்கம் கெட்டவன், மறுபடியும் பாஸ் பண்ணப் பார்த்தேன். முழு மூச்சோடு பார்த்தேன். கால் வரவில்லை. கொஞ்ச தூரம் தேய்த்துக்கொண்டு போய், திரும்பும் இடத்தில் அப்படியே சாய்ந்தேன். பிடித்துக்கொண்டார்கள்.

வெளியே சரோஜா ஜெயந்திக்குப் போன் போட்டு, "ஃபெயில் ஆயிட்டார்டி" என்று சொல்வது எனக்குக் கேட்டது. அப்படி ஒரு சந்தோஷமான குரலை அவளிடம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவள் மடியில் தலை வைத்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் எழுந்து போகக் கால் இல்லை.

அன்றைக்கே மறுபடி ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மறுநாள் காலையில் டீ வாங்க நானே வார்டு வாசல் வரை போய்விட்டேன். டீக்காரர் மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போதுதான் நடந்து வந்திருக்கிறேன் என்பதே உறைத்தது. ஆபரேஷன் செய்தார்கள். தலையை மழித்து, ஒரு துளை போட்டு, காதுக்குப் பின்னால் ஒரு சிறிய வால்வு வைத்து, கழுத்து வழியாக வயிற்றுக்குக் குழாயை இறக்கினார்கள். குழாய்க்கு வால்வு வைப்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை, என் தலையிலேயே வைப்பார்கள் என்றுதான் நினைக்கவில்லை. கண் விழித்தபோது ஜெயந்தி என் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். கை இல்லை, முகம் இல்லை, கால்தான். எல்லாருக்கும் என் கால்தான்.

நடை வந்தது, முழுசாக இல்லை. கைத்தடியோடு தெருமுனை வரை போகிறேன். சிறுநீர் பாதி நாள் சொல்கிறபடி கேட்கிறது. மறதி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெரிய டாக்டர் ஒருமுறை, போன வருஷமே செய்திருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு, பாதியில் நிறுத்தி ஸ்கேனைப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கும் சங்கடம் இருக்கும்போலிருக்கிறது.

போன வாரம் மறுபரிசோதனை. அந்த வால்வு எவ்வளவு நீரை விட வேண்டும் என்பதைத் தலைக்கு வெளியே ஒரு காந்தக் கருவியை வைத்தே கூட்டலாம், குறைக்கலாமாம். நடையைப் பார்த்துத்தான் அதை முடிவு செய்வார்கள். நடங்க என்றார் டாக்டர். நடந்தேன். தடியை சரோஜாவிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். திரும்பினேன், வந்தேன். டாக்டருக்கு ரொம்பத் திருப்தி. இதே அளவு இருக்கட்டும், ஆறு மாசம் கழித்து வாருங்கள் என்று எழுதினார்.

"இங்க நடக்கறத நம்பாதீங்க டாக்டர்" என்றாள் சரோஜா. "பாக்க ஆள் இருந்தா அவரு நல்லாத்தான் நடப்பாரு. வூட்ல நடக்கறத நான் சொல்றேன், எழுதிக்கோங்க."

நான் அவளை முறைத்தேன். பிளான்ட்டில் என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை டாக்டரிடம் போட்டுக் கொடுத்திருந்தால் அவனை என் கூட்டத்திலிருந்தே விரட்டியிருப்பேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஒன்றையும் விடாமல் சொன்னாள். கட்டிலிலிருந்து எழுந்ததும் கால் ஒட்டிக்கொள்வதைச் சொன்னாள். சுவரில் என் கைபட்டுக் கறையான இடத்தைச் சொன்னாள். ஈரமான லுங்கியைக் கட்டிலுக்கு அடியில் நான் ஒளித்து வைப்பதைச் சொன்னாள்.

"அப்புறம் டாக்டர், கடைக்குப் போய்ட்டு வான்னு என்னை அனுப்பி வுட்டுடுவாரு. நான் போனப்புறம்தான் நிலைப்படி தாண்டுவாரு, நான் பாக்கக்கூடாதுன்னுட்டு. நான் கடைக்கே போவமாட்டேன். மாடிப்படிலயே நின்னு பாத்துகினு இருப்பேன்."

அது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. டாக்டர் முதலில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு எழுந்து வந்து, என் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதுக்குப் பின்னால் காந்தத்தை வைத்தார்.